பெயர்ப்பலகையும் தரையும்: சென்ட்ரல் ஸ்டேஷனை வாசித்தல்

தமிழ் சினிமாவில் ஒருவன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று சொல்ல இரண்டு ஷாட் போதும். முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு, அடுத்தது எல்.ஐ.சி. கட்டடம். கையில் ஒரு பெட்டி, அண்ணாந்த முகம், பின்னணியில் ஆட்டோ ஹாரன். பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. வந்தவன் பெரும்பாலும் மதுரைப் பக்கத்துக்காரன். இல்லாவிட்டால் தஞ்சாவூர், திருநெல்வேலி. அந்தக் காலத்தில் அவனை ஏற்றிவந்த தெற்கு வண்டிகள் எழும்பூருக்குத்தான் வந்தன. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி தன் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கென்று 1908இல் திறந்த ஸ்டேஷன் அது. சென்ட்ரல் இன்னொரு கம்பெனியின் சொத்து. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பிராட் கேஜ் வண்டிகளுக்காக 1873இல் வந்தது. வடக்கும் மேற்கும் அதன் திசைகள். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே பெரிய தூரம் ஒன்றும் கிடையாது. ஆனால் தண்டவாளத்தின் அகலமே வேறு. ஆக நம் கதாநாயகன் எழும்பூரில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்து, சென்ட்ரலுக்கு எதிரே நின்றுகொண்டு, 'வந்து சேர்ந்துவிட்டதாக' நம்மை நம்பவைக்கிறான்.

இயக்குநர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. காமிராவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, சென்ட்ரலுக்கு முகம் இருந்தது, அவ்வளவுதான். ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடத்தின்மேல் ராபர்ட் சிஸம் செய்த மாற்றங்கள், நாலு பக்கமும் மணி காட்டும் கோபுரம் எல்லாம் சேர்ந்து பார்ப்பதற்கென்றே நிற்கிற கட்டடம் அது. ரயில் பயணத்தின் வரலாற்றை எழுதிய ஜெர்மன் ஆய்வாளர் ஷிவெல்புஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில் நிலையத்தை இரண்டு முகம் கொண்ட ஒன்றாகப் பார்க்கிறார். நகரத்தைப் பார்த்த பக்கம் கல்லால் ஆன அரண்மனை. தண்டவாளத்தைப் பார்த்த பக்கம் இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த தொழிற்சாலைக் கொட்டகை. புகையும் கரியும் கூலியும் கொட்டகைப் பக்கம். கௌரவம் முகப்புப் பக்கம். 1998இல் சென்ட்ரலை விரிவாக்கி மேற்கே புதுக் கட்டடம் சேர்த்தபோது அதையும் பழைய பாணியிலேயே கட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட வேஷத்தை ஐம்பது வருஷ சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி தைத்துப் போட்டுக்கொண்டது பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கு என்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் கேள்வி சினிமாவைப் பற்றியது அல்ல. சினிமா முகப்பை வாசித்த மாதிரியே நம்முடைய அரசியலும் இந்த ஸ்டேஷனை ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே வாசித்துவந்திருக்கிறதோ என்பதுதான்.

தமிழகத்தில் நவீன அரசியல் ரயில்வே பெயர்ப்பலகையோடு கொண்டிருக்கும் உறவு சாதாரணமானது அல்ல. 1952இல் பெரியார் ரயில் நிலையப் பலகைகளில் இருக்கும் இந்தி எழுத்துகளைத் தார்பூசி அழிக்கச் சொன்னார். 1953இல் டால்மியாபுரத்தைக் கல்லக்குடியாக்கக் கோரி தி.மு.க.வினர் தண்டவாளத்தில் படுத்தார்கள். மு.கருணாநிதி என்ற தலைவர் உருவான இடங்களில் அந்தத் தண்டவாளமும் ஒன்று. அன்றைக்கு அந்தப் போராட்டங்களுக்குப் பொருள் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஒரு ஊரின் பெயரை முதலாளியின் பெயர் தின்பதையும் ஒரு மொழியின் தலைமேல் இன்னொரு மொழி ஏறி உட்காருவதையும் எதிர்த்தவர்களை இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கேலி செய்வது எனக்கு உடன்பாடானதல்ல. பிற்பாடு நடந்ததுதான் பிரச்சினை. பலகை என்பது போராட்டத்தின் ஒரு முனையாக இருந்த நிலை போய், பலகையே போராட்டத்தின் எல்லையாகிவிட்டது. 1996இல் மெட்ராஸ் சென்னை ஆனது, ஸ்டேஷன் சென்னை சென்ட்ரல் ஆனது. 2019 ஏப்ரலில் அது புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம் ஆனது. ஸ்டேஷனுக்கு முன்னால் போகும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஈ.வெ.ரா. பெரியார் சாலை. 2021 ஏப்ரலில் அந்தச் சாலையின் பலகையில் வேறொரு பழைய ஆங்கிலப் பெயரை எழுதிவைத்தபோது ஊரே கொதித்தது. கொதித்தது சரிதான். பக்கத்தில் கிழக்காக ஓடும் வால்டாக்ஸ் ரோடு இப்போது வ.உ.சி. சாலை. (கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் கட்டி, அதற்கு அங்கே குடியிருந்தவர்களிடமே வரி வசூலிக்கக் கும்பினி நினைத்தது. வசூல் நடக்கவில்லை, சுவரும் போய்விட்டது, 'வால்டாக்ஸ்' மட்டும் மக்கள் வாயில் நிற்கிறது. ஒற்றைவாடை தியேட்டர் இருந்ததும் இந்தத் தெருவில்தான்.) 'மத்திய அரசு' என்று சொல்லாதே, 'ஒன்றிய அரசு' என்று சொல் என்கிறோம். 'சென்ட்ரல்' மட்டும் அப்படியே கிடக்கிறது. பஸ் கண்டக்டர் மூச்சைச் சேமித்துக்கொள்கிறார். அவருக்கு அது வெறும் 'சென்ட்ரல், சென்ட்ரல்'.

இவ்வளவு பெயர்களுக்கும் கீழே இருந்த தரைக்கு என்ன ஆயிற்று?

சென்ட்ரலுக்கு மேற்கே, இப்போது ரிப்பன் கட்டடம், விக்டோரியா ஹால், நேரு ஸ்டேடியம், புறநகர் ரயில் முனையம் என்று தனித்தனியாக நாம் அடையாளம் சொல்கிற இடம் முழுக்க ஒரு காலத்தில் ஒரே பூங்கா. 1859இல் கவர்னராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன் போட்ட பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர், உள்ளே குளங்கள், பிறகு மிருகக்காட்சி சாலை. (அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தைக் கருமித்தனமாக அளந்து கொடுத்த பிரிட்டிஷ் அதிகாரி இதே டிரெவெல்யன்தான். ஏகாதிபத்தியத்தின் தாராளம் எங்கே எவ்வளவு என்பதை அதுவே முடிவு செய்யும்.) அந்தப் பெயரில் இருக்கும் 'மக்கள்' யார் என்று கேட்டால் சங்கடமான பதில்கள் வரும், சந்தேகமில்லை. ஆனாலும் சேரிக்கும் கோட்டைக்கும், வேப்பேரிக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே யாருடைய வீடும் இல்லாத ஒரு நிலம் இருந்தது. அந்த நிலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார்கள். 1880களில் டவுன்ஹால், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் கட்டடம், பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் 'பொதுக் காரியம்'. பொதுக்காரியத்தின் பெயரால் பொதுநிலம் காலியான கதை இது. டவுன்ஹாலில்தான் 1916 நவம்பரில் பிராமணரல்லாத தலைவர்கள் கூடி நீதிக்கட்சிக்கு வித்திட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இந்தத் தரையில் விளைந்ததும் உண்டு.

மூர் மார்க்கெட்டைப் பற்றி எழுதும்போது நம் ஆட்களுக்குக் குரல் கம்மிவிடுகிறது. முந்தைய தலைமுறை எழுத்தாளர்கள் பலருடைய அலமாரியில் பாதி அங்கே எட்டணாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் வாங்கியது. நான் பிறப்பதற்கு முன்பே அது சாம்பலாகிவிட்டது. அதனால் அந்தக் கம்மல் எனக்கு இல்லை. மூர் மார்க்கெட்டே பிராட்வே பாப்பம்ஸ் மார்க்கெட்டிலிருந்த கடைக்காரர்களை அப்புறப்படுத்திக் கொண்டுவந்து அடைக்கக் கட்டியதுதான். கட்டிய நகராட்சித் தலைவர் மூர் துரையின் பெயர் அதற்கு. அப்புறப்படுத்தலில் தொடங்கி அப்புறப்படுத்தலில் முடிந்த சந்தை. ஆனால் நடுவில் எண்பத்தைந்து வருஷம் அது வேறு ஏதோ ஆகியிருந்தது.

என்னவாக ஆகியிருந்தது என்று சொல்ல எனக்கு நகரத் திட்டமிடல் நூல்களைவிடச் சிலப்பதிகாரம் உதவுகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் இரண்டு பாக்கமாகப் பிரிந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் மருவூர்ப்பாக்கம், தொழிலாளரும் வணிகரும் வேற்று நாட்டாரும் வாழ்வது. உள்ளே பட்டினப்பாக்கம், அரசனும் அந்தணரும் செல்வரும் வாழ்வது. இரண்டுக்கும் நடுவே ஒரு சோலை. மரங்களே தூண்களாக அதில் நாளங்காடி. வாங்குகிற சத்தமும் விற்கிற சத்தமும் ஓயாத இடம். இளங்கோ அங்காடியைப் பாக்கத்துக்குள் வைக்கவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட, இரண்டுக்கும் சொந்தமில்லாத வெளியில் வைக்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதை 'நகர அமைப்பு' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படித்தோம். மூர் மார்க்கெட்டின் இருப்பிடத்தை வரைபடத்தில் பார்த்தபோதுதான் அந்த இடைவெளியின் அரசியல் எனக்கு உறைத்தது. மேல்சாதிக்காரன் வீட்டு அலமாரியிலிருந்து கழித்துப்போட்ட புத்தகம் அங்கே ஒரு தலித் மாணவன் கைக்கு வரக்கூடிய வழி இருந்தது. பழைய இரும்பு, பழைய கிராமபோன் தட்டு, கிளிக்கூண்டு, பாடப்புத்தகம் எல்லாம் கைமாறியது ஒரே கூரைக்குக் கீழே. விலை பேரத்தில் தீர்மானமானது, அட்டையில் அச்சிட்டபடி அல்ல.

1985 மே 30இல் அது எரிந்தது. அந்த நிலம் ரயில்வேக்கு வேண்டும் என்ற பேச்சு தீக்கு முன்பே இருந்தது. அதனால் தீயைப் பற்றிச் சந்தேகங்கள் எழுந்தன. சந்தேகம் நிரூபணம் ஆகாது, அதற்குள் நான் போகவில்லை. நிரூபணம் தேவைப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது: எரிந்த இடம் கடைக்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே முன்பதிவு அலுவலகமும் புறநகர் ரயில் முனையமும் வந்தன. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளத்தைத் தூர்த்த இடத்தில் கட்டிய வளாகத்துக்குப் போனார்கள். சந்தைக்காகக் குளமும் போயிற்று, ரயிலுக்காகச் சந்தையும் போயிற்று. அதே 1985இல் பூங்காவின் மிருகங்களுக்கு வண்டலூரில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கொடுத்துப் புதிய இடம் திறந்தார்கள். மிருகங்கள் சந்தோஷமாக இருக்கட்டும், எனக்கு அதில் பொறாமை இல்லை. அல்லிக்குளம் வளாகத்தில் பிற்பாடு கோர்ட்டுகளும் வந்தன. அங்கே பழைய புத்தகம் விற்கும் பெரியவர் ஒருவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "வாய்தாவுக்கு வர்றவன் புக்கு வாங்குவானா தம்பி?" என்றார்.

ரயில்வே வழக்கில் அந்தப் புறநகர் முனையத்தின் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் பழைய மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றும் கட்டிவைத்திருக்கிறார்கள். பெயரும் பொம்மையும் பத்திரமாக இருக்கின்றன. மூர் மார்க்கெட் எரிந்தபோது முதலமைச்சராக இருந்தவர் எம்.ஜி.ஆர். முப்பத்து நாலு வருஷம் கழித்து, பக்கத்து ஸ்டேஷனுக்கு அவர் பெயரையே வைத்தோம். அவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. பெயர் வைத்த அன்று கைதட்டியவர்களும் முகம் சுளித்தவர்களும் சண்டைபோட்டது அவர் பெயர் தகுமா தகாதா என்றுதான். தரையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அடுத்து வந்தது 'சென்ட்ரல் சதுக்கம்'. 2018இல் எழும்பூர்ப் பக்கமிருந்தும் 2019இல் வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்தும் பூமிக்கடியில் மெட்ரோ வந்து இங்கே கூடிய பிறகு, மேலே தோண்டிப்போட்ட இடத்தைச் சமப்படுத்தி, புல் வைத்து, கல் பாவி, சுரங்கப்பாதைகளை இணைத்து 2022இல் திறந்தார்கள். இதோடு சேர்த்து 27 மாடியில் ஒரு கட்டடம் எழுப்பும் திட்டமும் உண்டு. மணிக்கூண்டு அதற்கு முன்னால் எப்படி நிற்கும் என்று சினிமாக்காரர்கள்தான் கவலைப்படவேண்டும்.

சதுக்கம் என்ற சொல்லைத் தேர்ந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறது. புகாரின் ஐந்து மன்றங்களில் பூதசதுக்கம் ஒன்று. அங்கே நின்ற பூதம் பொய்த்தவசிகளையும் பொய்ச்சாட்சி சொல்பவரையும் கோள்சொல்பவரையும் அறம் திறம்பிய அமைச்சரையும் பாசத்தால் கட்டித் தின்றது. (அல்லிக்குளம் கோர்ட் பக்கத்திலேயே இருப்பது தற்செயல்.) இன்னொன்று வெள்ளிடை மன்றம். வணிகர் தம் பொதிகளில் பெயரும் அளவும் குறியும் பொறித்துப் பூட்டும் காவலும் இல்லாமல் அடுக்கிவைத்த திறந்தவெளி. பார்சல் ஆபீஸ்தான், வேறென்ன. மூன்றாவது இலஞ்சி மன்றம். நோயாளிகளும் ஊனமுற்றோரும் தொழுநோயாளிகளும் முழுகி எழும் பொய்கை. சென்ட்ரலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் பெரியாஸ்பத்திரி. அது இந்த இடத்துக்கு வந்தது 1772இல், ரயிலுக்கு நூறு வருஷம் முன்னால். காவியத்து மன்றங்களில் யார் நிற்கலாம் என்பதற்கு விடை உண்டு: உடம்பு சரியில்லாதவன், சுமை கொண்டுவந்தவன், அதிகாரியால் ஏமாற்றப்பட்டவன். பூதம் அவர்களை விரட்டவில்லை. அவர்களை ஏமாற்றியவனைத்தான் பிடித்தது. இப்போதைய சதுக்கத்தின் காவலாளிக்கு வேலை நேர்மாறானது. படுக்கக்கூடாது, விற்கக்கூடாது, ரொம்ப நேரம் உட்காரக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேண்டியது படுக்க ஓர் இடமும் குறைந்த விலையில் ஒரு பொட்டலம் சோறும். சதுக்கத்தின் திட்டத்தில் இந்த இரண்டும் 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பில் வரும். லெஃபெவ்ர் திட்டமிடுபவன் காகிதத்தில் போடும் வெளியையும் மனிதர் வாழ்ந்து உண்டாக்கும் வெளியையும் பிரித்துப் பேசியது நம் வாசகர்களுக்குத் தெரியும். சென்ட்ரலில் அதைப் புரியவைக்கக் கோட்பாடே வேண்டாம், காவலாளியின் விசில் போதும்.

மெட்ரோ வேண்டாமா என்று நண்பர் ஒருவர் காட்டமாகக் கேட்டார். வேண்டும். அந்தச் சாலையைத் தரைமட்டத்தில் கடந்து உயிரோடு மறுபக்கம் போனவர்களுக்கு லிப்ட் வைத்த சுரங்கப்பாதையின் அருமை தெரியும். ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். பிளாட்பாரக் கடையில் மாமூல் வாங்கும் போலீஸ் ராஜ்யத்தை 'வாழப்படும் வெளி' என்று ரொமாண்டிக்காக எழுதவும் நான் தயாரில்லை. கேட்பது ஒன்றுதான். யாருக்காக விரிகிற இடம், யாரை வெளியே தள்ளி விரிகிறது? ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை 2019 கடைசியில் காலிசெய்யத் தொடங்கினார்கள். குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். மூட்டை தூக்குவது, மார்க்கெட் வேலை, வீட்டுவேலை எல்லாம் சென்ட்ரலைச் சுற்றி. வீடு ஊருக்கு வெளியே தெற்கே. ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்த அதே 2019இல், தலித் தலைவி ஒருவரின் பெயர்தாங்கிய குடியிருப்பு வரைபடத்திலிருந்து அழியத் தொடங்கியது. பெயர் அழிப்புக்கு எதிராக வழக்கமாகத் தார்ச்சட்டி தூக்குபவர்கள் இதற்கு வரவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று சொன்னதும் நாம் எல்லோரும் கொஞ்சம் சூழலியல்வாதியாகிவிட்டோம்.

ஏ.எல்.விஜய்யின் 'மதராசபட்டினம்' (2010) படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சலவைத் தொழிலாளர்களின் நிலத்தைப் பறித்துக் கோல்ஃப் மைதானம் போடப்பார்க்கிறான் வெள்ளைக்காரன்; உச்சக்கட்டம் சென்ட்ரல் மணிக்கூண்டில். வெகுஜனப் படம் ஒன்று நிலப்பறிப்பையும் சென்ட்ரலையும் ஒரே கதையில் கட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் 1947 வந்ததும் படத்துக்கு நிலம் மறந்துபோகிறது, காதல் மட்டும் மிஞ்சுகிறது. பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான் என்ற நிம்மதியோடு பார்வையாளன் வெளியே வருகிறான். படம் வந்த நேரத்தில் நிஜச் சென்னையில் மெட்ரோவுக்கான வேலை தொடங்கியிருந்தது.

ஸ்டேஷனுக்கு உள்ளே வருவோம். வெளியூர் வண்டிகளுக்கு 12 பிளாட்பாரம், புறநகருக்கு 5. சிவப்புச் சட்டை போர்ட்டர் ஒருவர் சொன்னார்: "மூட்டைக்கு இப்ப சக்கரம் வந்துடுச்சு சார், எங்களுக்குத்தான் வரல." 2008–09 ரயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களுக்கு கேங்மேன் வேலை தருவதாக அறிவித்தார்கள், பலர் போனார்கள். வயதானவர்களும் உடம்பு ஒத்துழைக்காதவர்களும் பில்லையோடு தங்கிப்போனார்கள். எஸ்கலேட்டர், பேட்டரி கார் எல்லாம் அவர்கள் தோள்மேல்தான் ஓடுகின்றன.

இன்றைக்கு சென்ட்ரலில் பட்டணத்துக்கு உண்மையிலேயே 'வந்து சேர்கிறவன்' நம் சினிமாவின் மதுரைக்காரன் அல்ல. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே வருகிறவன். மெட்ரோ சுரங்கத்தைத் தோண்டியதிலும் அவன் கை உண்டு. பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது இதே ஸ்டேஷனில் போலீஸ் அவனை வரிசையாகத் தரையில் உட்காரவைக்கிறது. அவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வடக்கன்'. இந்த வார்த்தை முற்போக்கு மேடைகளிலும் சிரிப்போடு புழங்குகிறது என்பதைத் தோழர்கள் மறுக்கமாட்டார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்களைப் பரப்பினார்கள். பொய் என்று அரசு சொன்னது, பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யை அவர்களால் நம்ப முடிந்ததே, அது எப்படி? பெயர்ப்பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. ஒடியா இல்லை, வங்காளம் இல்லை, சந்தாலி இல்லை. இந்தி ஆதிக்கம் பற்றி நமக்கு இருக்கும் கோபத்தில் பாதியாவது ஒரு சந்தாலிக்காரனுக்கும் இருக்கக்கூடும். அவனிடம் யாரும் கேட்டதில்லை. 'இந்திக்காரன்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பஹநாகாவில் நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். சென்னையில் அன்று ராத்திரி நடந்த தேடல் முன்பதிவுப் பட்டியலை வைத்து நடந்தது. பட்டியலில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள், நல்ல காரியம், வேகமாகவும் செய்தார்கள். 'தமிழர் யாரும் சாகவில்லை' என்று தெரிந்ததும் நம் செய்திகளில் சூடு தணிந்தது. பொதுப்பெட்டிக்குப் பட்டியல் கிடையாது. அதன் டிக்கெட்டில் ஏறும் ஊர் இருக்கும், இறங்கும் ஊர் இருக்கும், பெரியவர் எத்தனை சிறியவர் எத்தனை என்று இருக்கும், ரூபாய் இருக்கும். பயணியின் பெயர் எழுத அதில் இடம் இல்லை. நாலு மாதம் கழித்து, அக்டோபரில், யாரும் கேட்டு வராத 28 உடல்களைப் புவனேஸ்வரத்தில் எரித்தார்கள்.